ஆர்வியில் பாட்டி, பள்ளிக்கூடம், ஒரு கிரகணம்

அக்டோபர் 10, 2023 – லாஸ் வேகஸ்

வாடகைக்கு எடுத்த ஆர்வி, அதாவது வீடு போல வசதி செய்த வண்டி, கைக்கு வந்தபோது பகல் இரண்டு மணி. 25 அடி நீளம். ஓட்டுபவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நடுவில் இருக்கும் சாப்பாட்டு மேசையை இறக்கினால் அதுவும் படுக்கை. கேஸ் அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், உட்கார்ந்தால் முட்டி இடிக்கும் கழிப்பறை. அம்மா ஏறி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, விளக்கு எங்க ஏத்தறது?" என்றாள்.

நாங்கள் ஐந்து பேர். நான், அவர், நாலாம் வகுப்புப் பெரியவள், இரண்டாம் வகுப்புச் சின்னவன், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும் மாதம். கலிஃபோர்னியாவில் பிள்ளைகளின் வருகையை வைத்துத்தான் பள்ளிக்கு அரசுப் பணம் வரும். அதனால் சும்மா லீவு போட்டால் அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள். அதற்கு ‘இன்டிபென்டென்ட் ஸ்டடி’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியை ஒரு கட்டுத் தாள் கொடுப்பார். அதை முடித்துத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை வகுப்புக்கு வந்த கணக்கு. பெரியவளுடைய கட்டு தலையணை அளவு இருந்தது. பின்னங்கள், நேரக் கணக்கு, கலிஃபோர்னியா வரலாறு.

வாடகை அலுவலகத்தில் வண்டியைப் பற்றிய பாடம் இருபது நிமிடத்தில் முடிந்தது. எது குடிதண்ணீர்க் குழாய், எது கழிவுக் குழாய், புரொப்பேனை எப்போது மூட வேண்டும், ஜெனரேட்டர் சுவிட்ச் எங்கே. ஃபிரிட்ஜ் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லையே என்று கேட்டேன். ஓங்கிச் சாத்துங்கள், பூட்டிக்கொள்ளும் என்றான் அந்தப் பையன். ஓங்கிச் சாத்தினோம். நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் கதவு தானாகத் திறந்து, வீட்டிலிருந்து அரைத்துக் கொண்டுவந்த இட்லி மாவில் பாதி தரையில் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மீதி மாவுப் பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யூட்டா போய்ச் சேரும் வரை அது அங்கேயே இருந்தது. அவர் வழியில் அகல டேப் ஒரு சுருள் வாங்கிக் கதவுக்கு ஒட்டினார். புளித்த வாசனை மட்டும் கடைசி வரை எங்களோடு ஊர் சுற்றியது.

அக்டோபர் 11, 12 – ஸயான்

ஸயான் தேசியப் பூங்காவின் வாசலில் ஒரு வண்டிக்கு 35 டாலர். நாங்கள் கட்டவில்லை. அமெரிக்காவில் நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் தேசியப் பூங்காக்கள் இலவசம். பிள்ளையோடு அதே வண்டியில் வரும் குடும்பத்துக்கும் சேர்த்து. இணையத்தில் அச்செடுத்த தாளைப் பெரியவள் தானே ஜன்னல் வழியாக நீட்டினாள். "ஓ, அப்படியென்றால் உன் தயவில்தான் இவர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்களா?" என்று கேட்டு, தாளை வாங்கிக்கொண்டு ஓர் அட்டையைக் கொடுத்தார் அங்கிருந்த அம்மையார். அதற்குப் பிறகு தம்பி ஜன்னலோர இடம் கேட்டபோதெல்லாம் இந்த விஷயம் அவனுக்கு நினைவுபடுத்தப்பட்டது.

பள்ளத்தாக்கின் உள்ளே சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, இலவசப் பேருந்துதான். கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஆற்றோரமாக நடந்தோம். சிமென்ட் பாதை, பெரிய ஏற்றம் கிடையாது, அம்மா முழுதும் நடந்தாள். இருபக்கமும் சிவப்புப் பாறை செங்குத்தாக எழும்பி நிற்கிறது. அணில்களுக்குத் தீனி போடாதீர்கள் என்று கடிபட்ட விரல் படத்தோடு பலகை வைத்திருக்கிறார்கள். படம் பொய் இல்லை. அம்மா பைக்குள்ளிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்ததுதான் தாமதம், ஒரு கொழுத்த அணில் பைக்குள் தலையை விட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சட்டென்று பையைத் தூக்கி உதறி, மூடி, அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் தன் ஆப்பிளைத் தொடர்ந்து சாப்பிட்டார்.

இந்தப் பூங்காக்களில் ‘ஜூனியர் ரேஞ்சர்’ என்று பிள்ளைகளுக்கு ஒரு சிறு புத்தகம் தருகிறார்கள். அதில் உள்ள வேலைகளை முடித்துக் காட்டினால் ரேஞ்சர் என்ற பூங்கா அதிகாரி சரிபார்த்து, கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கச் சொல்லி, ஒரு பேட்ஜ் கொடுப்பார். அவர்கள் இதை விளையாட்டாகச் செய்வதில்லை. விடை தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பாறைகள் பற்றி ரேஞ்சர் பேசினார். இந்தப் பாறை ஒரு காலத்தில் பாலைவன மணல். காற்று குவித்த மணல்மேடுகள் சுமார் 18 கோடி வருடங்களுக்கு முன் கெட்டிப்பட்டுக் கல்லானவை. பெரியவள் பாதி கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிக்குச் சொல்லு என்றேன்.

"பாட்டி, இதெல்லாம் காத்துல பறந்து வந்த மண்ணாம்."

"இத்தனை மண்ணுமா? காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சுதாம்?"

பெரியவளுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் ரேஞ்சரிடம் கேட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவையும் அவளையும் பாறைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். பாறையில் சாய்வாகக் கோடு கோடாக இருக்கிறது பாருங்கள், மணல் மேட்டின் மறுபக்கம் சரிந்து விழுந்த அடுக்குகள் அவை. கோடு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போனது. அம்மா விரலை வைத்து ஒரு கோட்டை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். அப்புறம் பேருந்தில் போகும் வழியெல்லாம் பெரியவள் ஒவ்வொரு பாறைக்கும் காற்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

அம்மாவுக்கும் ஒரு புத்தகம் தந்தார்கள். வயது வரம்பு கிடையாதாம். பேத்தி கேள்வியைத் தமிழில் சொல்ல, பாட்டி பதிலைத் தமிழில் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் எழுத, மறுநாள் காலை மூன்று பேரும் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அம்மா பேட்ஜை ஸ்வெட்டரில் குத்திக்கொண்டாள்.

12-ஆம் தேதி காலை டம்ப் ஸ்டேஷன், வண்டியின் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் இடம். ஆர்வி வைத்திருப்பவர்கள் படங்களில் இதைக் காட்டுவதே இல்லை. கழிப்பறைத் தண்ணீர் ஒரு தொட்டியில், குளியல், பாத்திரத் தண்ணீர் இன்னொரு தொட்டியில் சேரும். பருத்த குழாயை மாட்டி முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும், அப்புறம் மற்றது, சோப்புத் தண்ணீர் போய்க் குழாயைக் கழுவிவிடும். அவர் வெறுங்கையோடு குனிந்ததைப் பார்த்துப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் இறங்கி வந்தார். ஒரு டப்பா ரப்பர் கையுறையைக் கொடுத்து, முழுதும் வைத்துக்கொள் என்றார். குழாய் முனை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று காலால் ஒரு மிதி மிதித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர் கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 13 – பிரைஸ் கேன்யன்

ஸயானிலிருந்து கிழக்கே போக மலையைக் குடைந்த ஒரு சுரங்கம். 1930-இல் முடித்தது, ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்துக் கார்களை மனதில் வைத்துக் கட்டியது, எங்கள் வண்டியின் உயரத்துக்கு ஓரமாகப் போக முடியாது. 15 டாலர் கட்டியதும் எதிர்ப்பக்கம் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, பாதையின் நட்டநடுவில் போக விட்டார்கள். எங்களுக்காக அந்தப் பக்கம் எத்தனையோ கார்கள் காத்திருந்தன. வெளியே வந்தபோது யாராவது முறைப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் கையாட்டினார்கள்.

சுரங்கத்துக்கு முந்தைய கொண்டை ஊசி வளைவுகளில் சின்னவன் மேசையில் உட்கார்ந்து கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கடவுளே என்று நான் திரும்புவதற்குள் 9-ஆம் பக்கத்தின் மேல் வாந்தி. ஓடும் வண்டியில் பாடம் நடத்துவது என்ற திட்டம் அன்றோடு கைவிடப்பட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. வெளியே உலகம் உண்டான கதை ஓடிக்கொண்டிருக்க, உள்ளே பெரியவள் 1848-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கண்டுபிடித்த கதைக்குக் கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

பிரைஸ் 8,000 அடி உயரம். மறுநாள் வளைய சூரிய கிரகணம், பாதை நேராக இந்த ஊர் மேல். மின் இணைப்பு உள்ள இடங்கள் எல்லாம் மாதக்கணக்குக்கு முன்பே போய்விட்டன. வெளியே ஒரு தனியார் முகாமில், இணைப்பு எதுவும் இல்லாத ஒரு துண்டு நிலம், ஓர் இரவுக்கு 90 டாலர். வழக்கமாக எவ்வளவு என்று கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் விளிம்புக்குப் போய்ப் பார்த்தோம். ஆரஞ்சு நிறக் கல்தூண்கள், ஆயிரக்கணக்கில். விரிசலில் இறங்கும் தண்ணீர் இரவில் உறைந்து விரியும், பகலில் உருகும். இப்படி உறைந்து உருகியே பாறை பிளந்து தூணாகிறது. எப்படி உறையும் என்பதை இரவு நாங்களே தெரிந்துகொண்டோம். ஹீட்டர் எரிவது புரொப்பேனில், ஆனால் காற்றாடி ஓடுவது பேட்டரியில். மூன்று மணிக்குப் பேட்டரி தீர்ந்து காற்றாடி நின்றது. இரவில் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது. எல்லோரும் ஒரே படுக்கையில் அடுக்கிக்கொண்டோம். தாங்க முடியாமல் ஐந்து மணிக்கு அவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர் டார்ச்சோடு வந்தார். சரி, திட்டப்போகிறார் என்று கதவைத் திறந்தேன். "பாட்டி இருக்கிறாரே" என்று ஒரு கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 14 – கிரகணம்

சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், அது தெரிந்ததே. இந்த அமாவாசை மகாளய அமாவாசை. அவர் தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். முகாமின் குழாயைத் திருகினால் ஒரு சொட்டு வரவில்லை, உறைந்துபோயிருந்தது. வண்டித் தொட்டித் தண்ணீரைச் சொம்பில் பிடித்து, கைவிரல் விறைக்க விறைக்க, பைன் மரத்தடியில் இறைத்தார். சின்னவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்று, தாத்தாவுக்குக் குளிராதா என்று கேட்டான்.

அம்மாவின் சட்டங்கள்: கிரகணம் பிடிக்கும் முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும், நடுவில் ஒன்றும் வாயில் போடக் கூடாது, பார்க்கக் கூடாது, விட்ட பிறகு குளிக்க வேண்டும். தர்ப்பை கொண்டுவந்திருந்தாள், ஜிப் பையில். பாலிலும் மாவிலும் ஊறுகாயிலும் ஒவ்வொன்று போட்டாள். ஃபிரிட்ஜுக்கு மேலும் ஒன்று டேப் அடியில் செருகப்பட்டது.

பூங்காவின் வாசலில் காலை ஏழு மணிக்கே வண்டி வரிசை. நாங்கள் முகாமிலேயே இருந்துவிட்டோம், சூரியன் எங்கிருந்தாலும் அதே சூரியன்தான். பிள்ளைகள் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்கள். ஒன்பது மணி தாண்டியதும் ஓரத்தில் ஒரு கடி விழுந்தது. அம்மா உள்ளே திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊசித்துளை வழியாகச் சூரியன் உருவத்தைத் தாளில் விழவைக்கலாம் என்று பெரியவளுக்கு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அட்டையைக் குத்த ஊசி தேடினாள், கிடைக்கவில்லை. அப்போது அவள் கண்ணில் பட்டது கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் மூன்று நான்கு ஓட்டைகள். வெயிலில் பிடித்து, கீழே வெள்ளைத் தாளை நீட்டினாள். தாளில் வரிசை வரிசையாகக் குட்டிப் பிறைகள். ஒரு குழிக்கு நாலு பிறை.

பக்கத்துக் கூடாரக்காரர்கள் பார்த்தார்கள். கம்பளி கொடுத்தவர் வந்தார், அவர் மனைவி வந்தார், ஒரு நாய் வந்தது. பத்து நிமிடத்தில் எங்கள் இட்லித் தட்டைச் சுற்றிப் பதினைந்து பேர். இது எதற்கான கருவி என்று ஒருவர் கேட்க, பெரியவள் விளக்க ஆரம்பித்து அரிசி, உளுந்து, புளிக்கவைத்தல் என்று போய்க்கொண்டிருந்தாள்.

பத்தேகால் வாக்கில் வெளிச்சம் மங்கியது. மாலை மயங்குவதுபோல இல்லை. நிழல்கள் கூர்மையாகவே இருந்தன, நிறம் மட்டும் வற்றிப்போனது. குளிர் மறுபடி ஏறியது. சின்னவன் கதவைத் தட்டினான்.

"பாட்டி, நிழலைப் பாக்கலாமா? மேல பாக்க வேண்டாம், தாளை மட்டும் பாரு."

உள்ளே கொஞ்ச நேரம் யோசனை. "நிழலுக்குத் தோஷம் கிடையாது" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, தலையில் முக்காடு போட்டு, மேலே நிமிராமல் இறங்கி வந்தாள். பத்தரைக்குச் சற்று முன் தாளில் இருந்த பிறைகள் எல்லாம் நுனி கூடி வளையமாயின. முகாம் முழுக்க ஒரே கைதட்டல். அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு தட்டையும் வெச்சுக் காட்டியிருக்கலாமே" என்றாள்.

விட்ட பிறகு குளியல். வண்டியின் வெந்நீர்த் தொட்டி 6 கேலன். ஐந்து பேர். ஆளுக்கு ஒரு கேலன் சொச்சம் என்று பெரியவள் வகுத்துச் சொன்னாள், பின்னத்தோடு. தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ள அது போதாது என்று அம்மா மட்டும் இரண்டு பங்கு எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 15 – பேஜ், அரிசோனா

யூட்டாவும் அரிசோனாவும் ஒரே நேர மண்டலம். ஆனால் கோடையில் கடிகாரத்தை மாற்றும் பழக்கம் அரிசோனாவுக்குக் கிடையாது, அதனால் அக்டோபரில் ஒரு மணி நேரம் வித்தியாசம். அரிசோனாவுக்குள்ளேயே, நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடு கடிகாரத்தை மாற்றும். அந்த நவஹோ நாட்டுக்குள் இருக்கும், ஹோப்பி என்ற இன்னொரு பூர்வகுடியின் நிலம் மாற்றாது. பேஜ் ஊர் இருப்பது நவஹோ எல்லையில். எங்கள் இரண்டு போன்களும் எந்தக் கோபுரத்தைப் பிடிப்பது என்று இரவெல்லாம் தடுமாறியிருக்கின்றன. அவருடைய போன் ஒரு மணி நேரம் முன்பாகவே அலாரம் அடித்தது. குளித்து, பொங்கல் வைத்து, சாப்பிட்டு, ஆன்டிலோப் கேன்யன் சுற்றுலா அலுவலகத்துக்குப் போனால் கதவே திறக்கவில்லை. வாசலில் எங்களைப்போலவே இரண்டு குடும்பங்கள் அவரவர் போனைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தன.

ஆன்டிலோப் கேன்யன் நவஹோ மக்களின் நிலம், வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. 1997 ஆகஸ்டில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். எங்கேயோ தொலைவில் பெய்த மழைக்கு இங்கே வெள்ளம் வரும். ஏணிகள் இல்லாத மேல்பகுதியைத் தேர்ந்தெடுத்தோம், அம்மாவுக்காக. ஆளுக்கு 100 டாலரை ஒட்டி. பயணத்திலேயே பணம் கொடுக்கும்போது கை நடுங்கியது இதற்குத்தான். உள்ளே போனபின் மறந்துவிட்டேன். சுவர் துணிபோல நெளிகிறது, மேலே ஒரு கீற்று வானம்.

எங்கள் வழிகாட்டி நவஹோ இளைஞர். நேற்று எங்கே கிரகணம் பார்த்தீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நாங்கள் பார்க்க மாட்டோம் என்றார் அவர். நேற்றுக் காலை நவஹோ பூங்காக்கள் எல்லாவற்றையுமே மூடிவிட்டார்கள். வீட்டில் திரையை மூடி, சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், தூங்காமல் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்களாம். பெரியவள் அம்மாவின் காதில் சொன்னாள். அம்மா நின்றுவிட்டாள்.

"மாசமா இருக்கறவங்க வெளியில வரக் கூடாதான்னு கேளு."

கேட்டாள். கூடாது என்றார். அம்மா எங்களை எல்லாம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஏதோ கேட்கச் சொன்னாள். சில விஷயங்களைக் குளிர்காலத்தில்தான் பேசுவோம், அதுவும் வீட்டில் என்று அவர் மென்மையாகச் சொல்லிவிட்டார். அம்மா உடனே தலையாட்டினாள். இறங்கும்போது லாரிப் படியில் அவர் அம்மாவுக்கு மட்டும் கை கொடுத்து இறக்கிவிட்டார். பத்து டாலர் டிப்ஸை அம்மா தானே அவர் கையில் வைத்தாள்.

இன்று நவராத்திரி முதல் நாள். முகாமில் மின்சாரமும் தண்ணீரும் இருந்ததால் எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தோம். சோபாவின் மூலையில் காலி அட்டைப் பெட்டிகளை வைத்து மூன்று படி, மேலே அம்மாவின் வெள்ளை வேட்டித் துண்டு. சின்னவனின் டைனோசர்கள், பெரியவளின் பேட்ஜ்கள், அம்மா கொண்டுவந்த கட்டைவிரல் உயரக் கிருஷ்ணர். பெரியவள் பாட்டிக்குக் கொலுவை வைத்தே பாடம் எடுத்தாள். இந்தப் பக்கத்து நிலமே படிப்படியாக இறங்குகிறது, அதற்குப் பெயரே ‘கிராண்ட் ஸ்டேர்கேஸ்’. மேல் படி பிரைஸ், வயதில் சின்னது. நடுப் படி ஸயான். கீழ்ப் படி கிராண்ட் கேன்யன், வயதில் மூத்தது. ஒன்றின் உச்சிப் பாறை இன்னொன்றின் அடிப் பாறை.

"அப்ப டைனோசரைக் கீழ் படியில வெக்காதே" என்றான் தம்பி. "கிராண்ட் கேன்யன் கல்லு அதுக்கும் முன்னாடி."

சரிதான், கிராண்ட் கேன்யனின் மேல்விளிம்புப் பாறையே சுமார் 27 கோடி வருடம். டைனோசர்கள் ஒரு படி ஏறின. குக்கரில் வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலைப் பக்கத்து ஆர்வியில் இருந்த வயதான தம்பதிக்குக் கொடுத்தோம். பாத்திரத்தைத் திருப்பும்போது உள்ளே ஆறு முட்டை வைத்துக் கொடுத்தார்கள். நவராத்திரி முடியும்வரை அதை அம்மா தொடவில்லை, நாங்கள் தொட்டோம்.

அக்டோபர் 16 – மான்யுமென்ட் வேலி

கொலுவை நடுவில் கலைக்கக் கூடாது, ஆனால் வண்டி ஓட வேண்டும். கலசச் சொம்பு பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் துண்டு சுற்றி வைக்கப்பட்டது. பொம்மைகள் படியோடு டேப் ஒட்டப்பட்டன. கிருஷ்ணர் அம்மா மடியில்.

ஆளுக்கு 8 டாலர் நுழைவுக் கட்டணம். உள்ளே 17 மைல் மண் சாலை, ஆர்விக்கு அனுமதி இல்லை. திறந்த ஜீப்பில் போனோம். காற்று அடித்த அடியில் செம்மண் காதிலும் மூக்கிலும் புகுந்தது. சின்னவன் தும்மினால் சிவப்பு. பாறைக் கோபுரங்கள் தனித்தனியாக, ஒன்றோடொன்று பேச விருப்பமில்லாததுபோல நிற்கின்றன.

வாசலில் ஒரு நவஹோ அம்மாள் எண்ணெயில் பொரித்த ரொட்டி விற்றார். 1864-இல் அமெரிக்க ராணுவம் இந்த மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து நியூ மெக்சிகோவுக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்தது. ரேஷனில் கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்து அவர்கள் செய்யக் கற்ற உணவு இது என்று சொல்வார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் திரும்ப வந்தார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அம்மா ஒன்று வாங்கி, பையில் இருந்த தக்காளித் தொக்கைத் தடவிக்கொண்டாள். அந்த அம்மாளும் கொஞ்சம் வாங்கிச் சுவைத்துப் பார்த்தார். இருமினார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அக்டோபர் 17, 18 – கிராண்ட் கேன்யன்

கயன்டா என்ற சிற்றூரில் ஒரு பர்கர் கடைக்குள் சின்னதாகக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் நவஹோ மொழியிலேயே ராணுவச் செய்தி அனுப்பியவர்களைப் பற்றியது. 1942-இல் 29 பேரோடு தொடங்கியது. டாங்கிக்கு ஆமை, கையெறிகுண்டுக்கு உருளைக்கிழங்கு என்று சங்கேதம். ஜப்பானியர்களால் கடைசி வரை உடைக்க முடியவில்லை. ரகசியம் நீங்கியது 1968-இல்தான். பிள்ளைகள் பிரெஞ்சு ஃபிரையைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லாத் தகவல் பலகையையும் படித்தார்கள். அன்று மாலை முகாமில் ‘உருளைக்கிழங்கு வருது’ என்று கத்திக்கொண்டு பைன் காய்களை எறிந்து விளையாடியதில் ஒன்று அவர் காபியில் விழுந்தது.

கிராண்ட் கேன்யனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ‘காலப் பாதை’யைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விளிம்போரமாக நடைபாதையில் உலோகக் குறிகள் பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் பத்து லட்சம் வருடம். அந்தந்த வயதில் அந்தந்தப் பாறையின் துண்டைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். சின்னவன் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எட்டு என்று எண்ணிக்கொண்டு போனான். 66-இல் நின்று டைனோசர்களுக்காகத் தொப்பியைக் கழற்றினான். கடைசியில் உள்ள கல்லின் வயது 184 கோடி. அவன் அவ்வளவு தூரம் வரவில்லை. 300 தாண்டியதும் கால் வலிக்கிறது என்று அப்பா தோளில் ஏறிவிட்டான்.

அம்மாவுக்கு 72 வயது. "இதுல நான் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். பெரியவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுத் தாளின் பின்பக்கத்தில் பூஜ்ஜியங்களை எழுதி எழுதி அடித்தாள். மில்லிமீட்டரில் நூறில் ஏழு பங்கு வந்தது. அப்படியென்றால் எவ்வளவு என்று பாட்டி விடவில்லை. ஒரு தலைமுடியின் தடிமன் என்று போனில் கண்டுபிடித்தாள். அம்மா தன் நரைமுடி ஒன்றைப் பிடுங்கி, பாதையில் குறுக்கே வைத்துக் குனிந்து பார்த்தாள். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. ஒரு சீனக் குடும்பம் எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டுத் தேட உதவியது.

ஆசிரியை கொடுத்த கட்டில் இதற்குச் சமமான ஒரு பக்கம் கிடையாது. பிள்ளைகள் தங்களுக்காகக் கேட்டதைவிடப் பாட்டிக்குச் சொல்வதற்காகக் கேட்டதுதான் அதிகம். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் அது அவர்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி போய்க் கேட்க வேண்டியதுதான். அம்மா ‘உம், உம்’ என்று தலையாட்டிக் கேட்கிற ஆள் இல்லை.

அக்டோபர் 19 – லாஸ் வேகஸ்

கேலனுக்கு 8 மைல் ஓடும் வண்டி, 55 கேலன் தொட்டி. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் 200 டாலருக்கு மேல். இதைத் தவிர வாடகை அலுவலகத்தில் கூடுதல் மைலுக்குத் தனிக் கணக்கு, ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக்குத் தனிக் கணக்கு. தரையில் கறை என்று 75 டாலர் போட்டிருந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய டேப்பைக் காட்டி அவர் பேசினார். முதல் நாள் எடுத்த வீடியோவில் "ஓங்கிச் சாத்துங்கள்" என்ற அந்தப் பையனின் குரல் தெளிவாக இருந்தது. 75 போனது. இதைப் படித்துவிட்டு ஆர்வி எடுக்கிறவர்களுக்கு: வண்டியை வாங்கும்போது நடக்கும் பேச்சு முழுவதையும் வீடியோ எடுங்கள்.

கலசத்தைக் கார் டிக்கியில் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. வீடு வரை கிருஷ்ணருக்கும் கலசத்துக்கும் சேர்த்து ஒரே சீட் பெல்ட்.

அக்டோபர் 26 – வீடு

கட்டுத் தாள்கள் திருத்தி வந்துவிட்டன. சின்னவனின் 9-ஆம் பக்கத்துக்குப் பதில் நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தை ஆசிரியை ஏற்றுக்கொண்டு ஒரு சிரித்த முகம் ஒட்டியிருக்கிறார். பெரியவளுக்கு நேரக் கணக்கில் மட்டும் ஒன்று தப்பு. கலிஃபோர்னியாவில் மணி 10 என்றால் அரிசோனாவில் எத்தனை என்பது கேள்வி. "எந்த மாதம்? அரிசோனாவில் எந்த இடம்?" என்று எழுதிவைத்திருக்கிறாள். பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி, அரை மதிப்பெண். அரை போதாதாம். நாளைக் காலை வகுப்பு தொடங்கும் முன் ஆசிரியையைப் பார்த்துப் பேசப்போகிறாள். படம் வரைந்து வைத்திருக்கிறாள், ஹோப்பி நிலம் உட்பட. பாட்டியும் கூட வருகிறாளாம், பேட்ஜோடு.